டிக்கியில் வைத்த இடி

காங்கேயத்துக்குத் தெற்கே, மழை என்பது தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி எப்போதாவது எட்டிப் பார்த்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிற கருக்கம்பாளையத்தில், ஆவணி மாசத்துக் காலை ஒன்றில், நாச்சிமுத்து தன் பழைய வெள்ளைக் காரின் டிக்கியில் ஒரு சப்வூஃபர் மாட்டிக்கொண்டு கார் ஸ்டாண்டுக்கு வந்து நின்றான், பாட்டைப் போட்டான், உருமி அடி ஒன்று தும்மென்று தரைக்குள் இறங்கியது, வேப்பமரத்துக் காக்காய்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பவும் கிளையில் உட்கார்ந்தன, காருக்கு அடியில் கட்டாந்தரை பொருபொருவென்று விரிந்து, வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்தது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. "வானத்துல இடிச்சா என்ன, டிக்கியில இடிச்சா என்னங்க, இடி இடிதானுங்களே" என்றார் டீக்கடை வேலுமணி, சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மற்ற டிரைவர்கள் துண்டை விரித்தார்கள். நாச்சிமுத்து மட்டும், ஏதோ எண்ணெய்தான் ஒழுகுகிறதோ என்று குனிந்து பார்த்து, காளான்தான் என்று தெரிந்ததும் நிம்மதியாகப் பீடியைப் பற்றவைத்தான்.

அத்தனை பேரிலும் வயிறு எரிந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் சென்னியப்பன். அடுத்த காரின் சொந்தக்காரன், நாச்சிமுத்துவின் சித்தப்பா மகன், ஒரே பங்காளி, ஒரே ஸ்டாண்டு.

பங்காளி வயிற்றெரிச்சல் எந்த ஊரில்தான் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் எரிகிற வயிறு வேறு. சென்னியப்பன் வயிறு எரிந்தது வசந்தாமணிக்காக. வசந்தாமணி அவன் பெண்சாதி. ஆனால் அவளை முதலில் பெண் பார்க்கப் போனது நாச்சிமுத்து. மூத்தவன் என்று அவனைத்தான் கூட்டிப்போனார்கள். காரை ஓட்டிப்போனதே சென்னியப்பன்தான். அவள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள், நாச்சிமுத்துவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கதவோரம் கார்ச் சாவியோடு நின்ற சென்னியப்பன் பார்த்துத் தொலைத்துவிட்டான். அப்புறம் ஜாதகம் சேரவில்லை, நாச்சிமுத்துவுக்குச் செவ்வாய் என்றார்கள், இளையவனுக்குப் பார்த்தால் எல்லாப் பொருத்தமும் பேசி வைத்த மாதிரி அமைந்தது. கல்யாணம் ஆயிற்று, வருசமும் ஓடிப்போயிற்று. நாச்சிமுத்துவுக்கு அப்புறம் எங்கேயும் பெண் அமையவில்லை. அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கவலையெல்லாம் சென்னியப்பன்தான் பட்டான். இவள் மனசில் இன்னும் அவன் இருக்கிறானா என்கிற ஒரே கேள்வியைச் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி, எடுத்தும் போடாமல், நடக்கிறதையும் நிறுத்தாமல் வைத்துக்கொண்டே திரிந்தான்.

காளான் விசயத்தை ஊர் சீக்கிரமே ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. முதல் சண்டை பேங்க் வாசலில் வந்தது: காளான் காருக்குச் சொந்தமா, நிலத்துக்குச் சொந்தமா? ஸ்டாண்டு தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் வேப்பமரத்தடியில் கூடிப் பேசி, நாலு சக்கரத்துக்கு உள்ளே முளைத்தால் காருக்கு, வெளியே முளைத்தால் நிலத்துக்கு, டயருக்குக் கீழே நசுங்கினால் கோழிக்கு என்று முடித்தார்கள். எல்லாரும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு ஆடிட்டர் வீட்டம்மா தென்னந்தோப்பில் ஒரு மத்தியானம் காரை நிறுத்தச் சொன்னாள், நெசவுக்காரர்கள் தறிக்கூடத்து வாசலில் நிறுத்தச் சொன்னார்கள், அம்மன் கோயில் நோம்பிக்கு அன்னதானத்துக்கென்று கோயில் மதிலைச் சுற்றி மூன்று சுற்று மெதுவாக ஓட்டச் சொன்னார்கள், அவனும் ஓட்டினான், மதிலோரம் ஊரே வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஆயிற்று. காளானைக் கண்டால் விரல் நீட்டக் கூடாது, நீட்டினால் அடுத்த தடவை வராது என்பதால், ஜனங்கள் முழங்கையாலும் தாடையாலும் காட்டிப் பழகினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூடக் கரும்பலகையைத் தாடையால் காட்டுகிறார் என்று புகார் வந்தது.

ஒரு நாள் சென்னியப்பன் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே வாசம் பிடித்தது. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கின காளான்.

"ஏதுடி இது?"

"பெரிய மாமா வண்டி சொசைட்டி முன்னால நின்னுச்சுங்க. பால் ஊத்தப் போனவ அப்படியே ரெண்டு கை பறிச்சுட்டு வந்தேன்" என்றாள் வசந்தாமணி. "சக்கரத்துக்கு வெளியிலதானுங்க பறிச்சேன். நியாயமாத்தான்."

"எனக்கு வேண்டாம். மோர் ஊத்து."

"வாசத்துக்கே ரெண்டு வாய் சேத்து உள்ள போகுமுங்க. சும்மா தின்னு பாருங்க."

"வேண்டாம்ங்கறனில்ல!"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு, அவனுக்கு மோரை ஊற்றிவிட்டு, தன் தட்டில் காளானைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தின்றாள். அந்தக் கண் மூடினதுதான் அவனைக் கொன்றது. கட்டின நாளிலிருந்து தான் வாங்கிவந்த எந்தப் பண்டத்துக்காவது இவள் இப்படிக் கண்ணை மூடியிருக்கிறாளா என்று மோருக்குள் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றைக்குப் பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், ஸ்டாண்டில், கேட்காத மாதிரி கேட்டான்: "ஏண்ணா, அது என்ன கம்பெனி?"

"எது, வூஃபரா? கம்பெனியெல்லாம் யாருக்குத் தெரியும்? திருப்பூர்ல யாசின் பாய் கடையில எட்டு இஞ்சுல ஒண்ணு கிடந்துச்சு. சீட்டுக்கடியில சொருவுற சைசு. டிக்கியில ஓரமா வச்சுக்கிட்டேன், பார்ட்டிங்க பெட்டி வைக்க எடம் வேணுமில்ல" என்றான் நாச்சிமுத்து. "நீயும் ஒண்ணு மாட்டிக்க தம்பி. ரெண்டும் ஒட்டுக்கா அடிச்சா ஊரே காளானாப் போயிரும்."

நல்ல மனசோடுதான் சொன்னான். நல்ல மனசோடு சொன்னதுதான் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

அவன் திருப்பூருக்குப் போன விதத்தை ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். காங்கேயத்துக் காளை பார்த்துப் பழகின குடும்பம் அது. யாசின் பாய் கடையில் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வூஃபர்கள் இருக்க, சென்னியப்பன் ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கச் சொல்லி, புரட்டிப்போட்டு, காந்தத்தைத் திமில் தடவுகிற மாதிரி தடவி, கூம்பைச் சுண்டி, ரப்பர் விளிம்பை இழுத்து, பல் பார்க்க முடியவில்லையே என்கிற குறையோடு, "இதுக்குச் சுழி சுத்தங்களா?" என்று கேட்டான்.

"அண்ணா, உங்க வண்டி சின்ன வண்டி. எட்டு இஞ்சு போதும். சத்தமும் மெத்துனு இருக்கும், டிக்கியும் மிச்சம்" என்றார் யாசின்.

"எங்க பங்காளி வச்சிருக்கறது எட்டு. எனக்கும் எட்டா?"

"அப்ப பத்து வையுங்க. மூடின பெட்டியில வச்சா அடி கச்சிதமா விழும்."

"எல்லாத்துலயும் பெருசு எது?"

யாசின் ஒரு நிமிசம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு குடோனுக்குள் போய், கல்யாணப் பந்தல்காரர்கள்கூட வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பதினைந்து இஞ்சு ராட்சசனை ரெண்டு ஆள் தூக்கிவரச் செய்தார். சென்னியப்பன் அதைத் தூக்கிப் பார்த்தான், முதுகு பிடித்துக்கொண்டது, "இதுதான் ஜாதி" என்றான். விலை பேச, மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி, தோள் துண்டை எடுத்து யாசினின் கை மேல் போட்டு, துண்டுக்கு அடியில் அவர் விரல்களைப் பிடித்தான். யாசினுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கஷ்டத்தில் இருக்கிற மனுசன் போலிருக்கிறது, ஆறுதலுக்குக் கையைப் பிடிக்கிறான் என்று அவரும் பாசமாக அழுத்தினார். அப்படி அழுத்தினதில் பேரம் அங்கேயே முடிந்துபோயிற்று.

மாட்டுகிற வேலை ஒரு பகல் முழுக்க நடந்தது. பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குச் சிவப்பு வயர் எடுத்து, பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, கால் மிதி விரிப்புக்கு அடியில் ஒரு ஓரமாக வயரையும் மறு ஓரமாகச் சிக்னல் கேபிளையும் ஓட்டி, பாடியில் பெயிண்டைச் சுரண்டி எர்த் முடுக்கி, பின் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரைப் படுக்கவைத்தார்கள். பெட்டிதான் டிக்கிக்குள் போவேனா என்றது. முதலில் ஜாக்கியை எடுத்தார்கள், அப்புறம் ஸ்டெப்னியை எடுத்தார்கள், அப்புறம் பின் சீட்டையே நாலு விரல்கடை முன்னால் தள்ளினார்கள், கடைசியில் டிக்கிக் கதவு மூடாமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். "அண்ணா, இனிமே இது டாக்சி இல்லீங்க, இந்தப் பெட்டிக்கு நீங்க டிரைவரு" என்றார் யாசின். சென்னியப்பன் காதில் வாங்கவில்லை. நல்ல நேரம் பார்த்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, முன்னால் மிளகாயும் கரியும் கோத்துத் தொங்கவிட்டு, ஊருக்குக் கிளம்பினான். ஊர்க் கண்ணெல்லாம் தன்மேல் விழப்போகிறது என்று அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலை ஸ்டாண்டில் கூட்டம். வேலுமணி பெரிய சட்டியோடு நின்றார். பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் வசந்தாமணியும் தூக்குப்போசியோடு நின்றாள். நாச்சிமுத்து தன் வண்டிப் பாட்டை மரியாதைக்காக நிறுத்திவைத்தான். அவன் காருக்கு அடியில் காலையில் முளைத்த காளான் பறிக்காமல் இருந்தது. சென்னியப்பன் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினான்.

அடி விழுந்தது. நம்பர் பிளேட் நடுங்கியது, டீக்கிளாஸ்கள் மேசையில் நடந்தன, வேலுமணியின் மேல்பல் செட்டு லொடலொடத்தது. தரையைப் பார்த்தார்கள். அவன் காருக்கு அடியில் ஒரு நூல் முளைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நாச்சிமுத்துவின் காருக்கு அடியில் நின்ற காளான்கள், ஒவ்வொன்றாக, மாமியார் முன்னால் முக்காடு போடுகிற மாதிரி தலையைக் குனிந்து, குடையை மடக்கி, காம்பைச் சுருக்கி, வந்த வழியே மண்ணுக்குள் போய்விட்டன. தரை பழையபடி கட்டாந்தரை ஆயிற்று.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தன் வயிற்றில் வைத்திருந்ததை இவ்வளவு சத்தமாக ஊருக்குச் சொல்ல அதுவரைக்கும் எந்தக் கம்பெனியும் பெட்டி செய்ததில்லை. வேலுமணி சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "போச்சாது விடுங்ணா" என்றார். வசந்தாமணி போசியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாச்சிமுத்து மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "அட, இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்றான்.

சென்னியப்பனுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. காளானுக்குக் கிடைத்த வழி அவனுக்குக் கிடைக்கவில்லை. டிக்கியில் இடமில்லாததால் கல்யாணப் பார்ட்டி போயிற்று, ஏர்போர்ட் பார்ட்டி போயிற்று, ஒற்றை மஞ்சப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள் மட்டும் ஏறினார்கள், அவர்களும் "தம்பி, அந்தப் பெட்டியை மட்டும் போட்டறாத, எனக்கு இருக்கறதும் உள்ள போயிரும்" என்றார்கள்.

ஆனால் ஊர் இருக்கிறதே, அது எதையும் வீணாகப் போகவிடாது. ஐப்பசியில் காளான் அளவுக்கு மீறிப் போயிற்று. பருத்திக் குடோன் வாசல் வழுக்கியது, பேங்க் படிக்கட்டில் கேஷியர் விழுந்தார், பள்ளி மைதானத்தில் கபடிக்கோடு தெரியவில்லை. முதலில் குடோன்காரர் தயங்கித் தயங்கி வந்தார்: "தப்பா நெனைக்காதீங்ணா. உங்க வண்டியைக் கொஞ்சம் எங்க வாசல்ல நிறுத்தி... உங்களுக்குத் தெரியுமில்லீங்க." சென்னியப்பன் போனான். பெட்டியைப் போட்டுவிட்டு, வசந்தாமணி கண்ணை மூடித் தின்றதை ஒரு தடவை நினைத்தான். வாசல் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. அதற்கப்புறம் வேலை வந்துகொண்டே இருந்தது. முளைக்கவைக்க நாச்சிமுத்து, முடித்துவைக்கச் சென்னியப்பன் என்று ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரைப் பார்த்தால் வயிறு எரிந்ததோ அவன் வண்டிக்குப் பின்னாலேயே நாள் முழுக்கப் போகும்படி ஆயிற்று. வயிறும் ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

தை மாசத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் முந்தின நாள் நாச்சிமுத்துவின் காரை நிறுத்தி, விருந்துக்கு வேண்டிய காளானைப் பறித்துக்கொண்டார்கள். பறித்து மீந்தது காலைக்குள் வாசலையும் மணமேடைப் படியையும் மூடிவிட்டது. மேனேஜர் பதறிப்போய்ப் போன் போட்டார், முகூர்த்தத்துக்குள் வரவேண்டும் என்றார். வசந்தாமணியும் கல்யாணத்துக்கு வரவேண்டியவள்; பின் சீட்டில் பட்டுச்சேலையோடு உட்கார இடமில்லாததால், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பார்ட்டிக்கென்று அவன் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சீட்டு அது. கட்டின நாளிலிருந்து அவள் அதில் உட்கார்ந்ததில்லை. ஊர்ப் பயணத்துக்கெல்லாம் பஸ்ஸில்தான் அனுப்புவான்.

ஊர் எல்லை தாண்டினதும் அவன் கேட்டான். இத்தனை வருசமாக வாயில் வராதது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தது.

"அன்னைக்கு ஜாதகம் சேந்திருந்தா அவனைத்தான் கட்டியிருப்பே, இல்ல?"

"ஆமாங்க, கட்டியிருப்பேன்" என்றாள் அவள். மல்லிகைச் சரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். வண்டி ஒரு தடவை இழுத்துப் பிறகு நேராயிற்று.

"சேரலைன்னு சேதி வந்தப்ப எனக்குப் பொக்குனு போச்சு. பொழுதோட வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன், அது எட்டி உதைச்சுது, அந்த வலியில மறந்தே போயிட்டேன்." அவன் பக்கம் திரும்பினாள். "நான் ஒரு பொழுது வருத்தப்பட்டதுக்கு நீங்க இத்தனை வருசமா வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கீங்க. எனக்காகத்தான்னாலும் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியலீங்களா?"

"அப்ப அந்தக் காளான்? கண்ணை மூடிக்கிட்டுத் தின்னியே?"

"காளான் ருசியா இருந்துச்சுங்க. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள். பிறகு, கோபமாகவே, "கூடச் சேந்து திங்க ஆள் இருந்திருந்தா இன்னும் ருசியா இருந்திருக்கும். நீங்கதான் மோரைக் குடிச்சுக்கிட்டு இருந்தீங்களே!" என்றாள்.

மண்டபம் வந்துவிட்டது. வாசலில் வாழைமரத்துக்கு நடுவே நாச்சிமுத்துவின் வெள்ளைக் கார் நின்றது, அதைச் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் காளான். நாதஸ்வரக்காரர் படியேற வழியில்லாமல் ரோட்டில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம்ங்ணா, பொண்ணு வர்ற நேரமாச்சு!" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

சென்னியப்பன் பொத்தானை அமுக்கினான். அடி விழுந்தது. பந்தல் தோரணம் நடுங்கியது. காளான்கள் நின்றன.

மேனேஜர் தரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "என்னுங்ணா, இன்னைக்கு எடுக்க மாட்டேங்குது?"

அவன் சத்தத்தைக் கூட்டினான். வழக்கமாக நினைக்கிறதை நினைத்துப் பார்த்தான்: அவள் காப்பித் தட்டு, அந்தச் சிரிப்பு, அந்தக் கண் மூடினது. நினைப்பு வந்தது, ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு மாடு வந்து அவளை எட்டி உதைத்தது. அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவன் கார் பானெட்டுக்கு அடியில் தரை பொருபொருவென்று விரிந்து, விரல் அளவுக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஐயோ, இன்னும் முளைக்குதுங்களே!" என்றார் மேனேஜர்.

"வயரு எங்கியோ லூசாயிருச்சுங்க" என்றான் சென்னியப்பன். "கூட்டுமாறு இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க, நானே கூட்டித் தர்றேன்."

அப்போது நாச்சிமுத்து பட்டுச்சட்டையில் மண்டபத்துக்குள்ளிருந்து வந்தான். "வா வசந்தாமணி, வா தம்பி" என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டான். அவளும் அவனைப் பார்த்து, காப்பித் தட்டு நாளில் சிரித்த அதே மாதிரி, லேசாகச் சிரித்தாள்.

நாச்சிமுத்துவின் காரின் முன் டயரோரம் நின்ற காளான் ஒன்று, மற்றதெல்லாம் விறைப்பாக நிற்க, அது மட்டும் கொஞ்சமாகத் தலையைக் குனிந்தது.

வசந்தாமணி அதைப் பார்த்தாள். புருசனையும் பார்த்தாள். அவன் காது சிவந்துபோய்க் கூட்டுமாறு வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும், போங்க" என்று அவள் குனிந்து அதைப் பறித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். "பொழுதோட வதக்கித் தர்றேன். மோர் கேட்டீங்கன்னாத் தெரியும்."